சரக்கு வந்ததென்று சொல்லும் ஏவலன்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் சமயமும் கற்ற பெரியோர் பலர் அமர்ந்திருக்கும் இந்த அவையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடு எழுதிக்கொண்டிருக்கும் என்னை எழுந்து பேசுமாறு பணித்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் என் புலமை அன்று. சென்ற ஆண்டு நம் காலனியில் நாம் ஓர் ஏவலனை அமர்த்தினோம். கடையில் இல்லாதிருந்த சரக்கு மறுபடியும் வந்து சேர்ந்த மறுகணமே, நம் கைப்பேசியில் செய்தி சொல்லும் ஏவலன் அவன். அவனை எவ்வாறு அமர்த்தினோம், அவனால் விளைந்த நன்மை யாது, அவனால் விளைந்த தவறு யாது என்பதை எல்லார்க்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும் என்று செயலாளர் கட்டளையிட்டார். நன்மையை மட்டும் சொல்வதென்றால் ஐந்து நிமிடம் போதும். தவறையும் சொல்ல வேண்டியிருப்பதால் சற்றே நீளும். பொறுத்தருள்க.

ஆங்கிலத்தில் இதனைப் 'பாட்' என்கிறார்கள். 'ரோபாட்' என்னும் சொல்லின் வால் அது. செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய ஒரு நாடகத்தின் வழியாக அச்சொல் உலகெங்கும் பரவிற்று. அதன் வேர்ச்சொல்லுக்குச் செக் மொழியில் கட்டாய ஊழியம் என்று பொருள். கூலி கேளாமல், உறங்காமல், சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஊழியன். சொல்லாததைச் செய்யமாட்டான், தவறாகச் சொன்னால் தவறாகவே செய்வான். ஆகவே நான் அவனை ஏவலன் என்றே அழைக்கிறேன்.

இப்படி ஓர் ஏவலன் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் வாழும் இடத்தை எண்ணிப் பாருங்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் பாறசாலைக்கு அப்பால் இஞ்சிவிளையைத் தாண்டினால் ஒரு மாநிலம், இப்பால் ஒரு மாநிலம். மானிய விலைக் கடைகள் இங்கே ஒரு விதம், அங்கே ஒரு விதம். ஒரு பக்கம் கிடைப்பது மறுபக்கம் கிடையாது. களியக்காவிளைச் சந்தைக்குப் போய்விட்டு, அங்கே இல்லையென்று நெய்யாற்றின்கரைக்கு வந்து, இங்கேயும் இல்லையென்று வெறும் பையோடு வீடு திரும்பிய நாள்கள் நம்முள் யாருக்கு இல்லை? பேருந்துக் கட்டணம் போயிற்று, அரை நாள் போயிற்று. 'நாளைக்கு வாருங்கள்' என்ற சொல் ஒன்றே மிச்சம்.

முற்காலத்திலும் இதற்கு வழி இருந்தது. ஊரில் தண்டோரா போட்டார்கள். பங்கீட்டுக் கடையின் முகப்பில் ஒரு கரும்பலகை தொங்கும். அரிசி உண்டு, சீனி இல்லை, மண்ணெண்ணெய் வியாழக்கிழமை என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருப்பார்கள். வேண்டியவர் வீட்டுக்குக் கடைக்காரரே ஆள் அனுப்புவதும் உண்டு. ஏவலன் செய்வதும் இவ்வளவுதான். கரும்பலகையைப் போய்ப் பார்த்து வந்து வீட்டு வாசலில் சொல்லும் சிறுவன் என்று அவனை எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தச் சிறுவனின் அருமையை நம் நாடு கண்டுகொண்ட காலம் ஒன்று உண்டு. அது 2021-ஆம் ஆண்டு. பெருந்தொற்றின் இரண்டாம் அலை வீசிய நாள்கள். பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயது வரை உள்ளோர் தடுப்பூசிக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஏப்ரல் 28-ஆம் நாள் மாலை 4 மணிக்குக் 'கோவின்' தளம் திறக்கப்பட்டது. முதல் நாளிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தனர். பதிவு செய்தோர் கோடிக்கணக்கு; ஊசியோ சொற்பம். ஒரு மருத்துவமனையில் ஐம்பது இடம் திறந்தால் சில நொடிகளில் தீர்ந்துவிடும். எப்போது திறக்கும் என்பது யாருக்கும் தெரியாது. நள்ளிரவில் விழித்திருந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! எல்லையோரத்து மக்களாகிய நம்மில் சிலர் திருவனந்தபுரம் மாவட்டத்தையும் கன்னியாகுமரி மாவட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண் சிவந்தார்கள்.

அப்போது சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமஸ் என்னும் நிரலாளர் ஒரு காரியம் செய்தார். கோவின் தளம் தன் இருப்புக் கணக்கைப் பிற நிரல்களும் பார்த்துக்கொள்வதற்கென ஒரு பொது வாயிலைத் திறந்து வைத்திருந்தது. மாவட்டத்தையோ அஞ்சல் குறியீட்டு எண்ணையோ சொல்லி, நாளையும் சொன்னால், எந்த மையத்தில் எந்த வயதினர்க்கு எத்தனை இடம் என்று அது விடை தரும். பாறசாலைக்கு 695502, நெய்யாற்றின்கரைக்கு 695121 என்று கேட்டாலே போதும். அவர் அந்த வாயிலை இடைவிடாது பார்த்து வந்து, இடம் திறந்த உடனே டெலிகிராமில் மாவட்டவாரியாகச் செய்தி அனுப்பும் ஏவலனை அமைத்தார். 'அண்டர் 45' என்பது அவர் நடத்திய தளத்தின் பெயர். 'கெட்ஜாப்' என்னும் வேறொரு குழுவினர் மின்னஞ்சல் வழியே சொன்னார்கள். பேடிஎம் நிறுவனமும் அவ்வாண்டு மே மாதத்தில் இத்தகைய வசதியைத் தந்தது. இவர்களால் ஊசி பெற்றவர் பல்லாயிரவர். இது வாழ்த்துக்குரிய செயல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே கதையின் மறுபக்கத்தையும் காண வேண்டும். எல்லாரும் ஒரே வாயிலைத் தட்டினால் வாயில் தாங்குமா? ஓர் இணைய முகவரியிலிருந்து ஐந்து நிமிடத்தில் நூறு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்று வரம்பு இருந்தது. பின்னர், தரப்படும் விடை முப்பது நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்றும் விதி வந்தது. சில நிரலாளர்கள் செய்தி சொல்வதோடு நில்லாமல், தாமே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நிரல்களையும் எழுதினார்கள். இணையமே இல்லாத எளியவர் என் செய்வார் என்னும் கேள்வி எழுந்தது. 2021 மே 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் தன் ஆணையில் அதே கேள்வியை அரசிடம் கேட்டது. அதற்குச் சில நாள் முன்னரே, மே 24 முதல், அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்துகொள்ளவும் இடம் தரப்பட்டிருந்தது. இந்த இரண்டு பக்கங்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு நம் காலனிக் கதைக்கு வருவோம்.

நம் காலனியில் அறுபது வீடுகள். அவற்றுள் முதியோர் இல்லாத வீடு குறைவு. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை மலிவு விலையில் தரும் கடை ஒன்று பேருந்தில் போகும் தொலைவில் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டா. அங்கே அந்த மாத்திரை அடிக்கடி தீர்ந்துவிடும். வெளிக்கடையில் வாங்கினால் விலை மூன்று பங்கு. மலிவுக் கடைக்காரர்கள் தங்கள் இருப்பை ஒரு வலைப்பக்கத்தில் காட்டி வந்தார்கள். நம் இளைஞர்கள் அதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார்கள். கல்லூரியில் கணினி படிக்கும் நம் காலனிப் பெண் ஒருத்தி நிரலை எழுத முன்வந்தாள். வாசகசாலையில் இருந்த பழைய கணினியை நான் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். பைத்தான் என்னும் நிரல் மொழியில் எழுதினால் எழுபது எண்பது வரிகளில் முடியும் என்றாள் அவள்.

வேலை நான்கு படிகளாக நடக்கும். முதற்படி, பார்ப்பது. வலைப்பக்கத்தை நாம் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பக்கம் வேறு. இருப்புக் கணக்கு பலவேளைகளில் தனியே பின்னால் வந்து சேரும். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதனை மட்டும் கேட்டால் போதும். இரண்டாம் படி, ஒப்பிடுவது. சென்ற முறை பார்த்தபோது இருந்த நிலையை ஏவலன் ஒரு குறிப்பில் எழுதி வைத்திருக்க வேண்டும். மூன்றாம் படி, 'இல்லை' என்பது 'உண்டு' என்று மாறியிருந்தால் மட்டுமே செய்தி அனுப்புவது. நான்காம் படி, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து மீண்டும் முதற்படிக்கு வருவது.

செய்தி அனுப்ப டெலிகிராமைக் கைக்கொண்டோம். 2015 ஜூன் மாதத்திலிருந்து அங்கே ஏவலன்களுக்கு இடம் உண்டு; காசு கேட்பதில்லை. 'பாட்ஃபாதர்' என்னும் தலைமை ஏவலனிடம் போய், புதிய ஏவலன் வேண்டும் என்று சொல்லி, பெயர் வைக்க வேண்டும். பயனர் பெயர் 'பாட்' என்று முடிதல் வேண்டும் என்பது விதி. பெயர் வைத்ததும் நீண்ட சாவிச் சொல் ஒன்று கிடைக்கும். அது பணப்பெட்டியின் சாவிக்கு ஒப்பானது. யார் கையில் அது கிடைத்தாலும் நம் ஏவலனின் பெயரால் அவர் எதையும் பேசலாம். அதனை ஒருவர்க்கும் காட்டலாகாது. தவறி வெளிப்பட்டால் பாட்ஃபாதரிடமே சொல்லிப் பழையதைச் செல்லாததாக்கிப் புதியது பெறலாம். இன்னும் ஒன்று. ஏவலன் தானாக யாரிடமும் முதலில் பேச முடியாது. நாம்தான் போய் அவனைத் தொடங்கி வைக்க வேண்டும். அழையாத வீட்டில் நுழையாத அந்த நாகரிகத்தை நான் மெச்சுகிறேன்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்ற கேள்வி வந்தது. இளைஞர்கள் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை என்றார்கள். நான் ஒப்பவில்லை. கடைக்காரரின் கணினியும் ஒரு மனிதரின் காசில் ஓடுவதன்றோ? நேரே சென்று கடை மேலாளரைக் கண்டு அனுமதி கேட்டோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் தமக்குத் தடையில்லை என்றார். காலை 8 முதல் இரவு 8 வரை, நாளொன்றுக்கு 48 முறை. அறுபது வீட்டாரும் தனித்தனியே அதே கணக்கில் பார்த்தால் 2880 முறை ஆகும். அத்தனை பேருக்கும் பதிலாக ஒருவன் போய்ப் பார்த்து வருவதால் கடைக்கும் சுமை குறைவு என்று விளக்கினோம். அவருக்கும் அது பிடித்திருந்தது. இணையத்தில் 429 என்று ஒரு விடை எண் உண்டு. 'அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறாய், நிறுத்து' என்பது அதன் பொருள். அந்த எண் வந்தால் ஏவலன் வாய்மூடி வெகுநேரம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தோம்.

இனி எங்கள் பிழைகளைக் கேளுங்கள். மேலாளரைக் காண்பதற்கு முன்னரே ஒரு நாள் சோதனைக்காக, சர்க்கரை அளவு பார்க்கும் பட்டைக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று அவனை ஓடவிட்டோம். நிலை மாறினால் மட்டும் சொல் என்பதற்குப் பதிலாக, உண்டு என்றால் சொல் என்று எழுதிவிட்டோம். மாலை ஏழு மணிக்குப் பட்டை வந்தது. மறுநாள் காலை ஆறு வரை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக 132 செய்திகள்! சோதனைக்கு இசைந்திருந்த ஏழு வீட்டாரும் விடியற்காலையில் என் வாசலில் நின்றார்கள்.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. ஒரு நாள் கடையின் வலைப்பக்கம் சற்று நேரம் திறக்கவில்லை. திறக்காததை ஏவலன் 'இல்லை' என்று கொண்டான். பக்கம் திறந்ததும் 'உண்டு' என்று கண்டு, புதுச்சரக்கு வந்ததாகக் கூவினான். ஓடிப்போனவர்கள் காலையில் கண்ட அதே பழைய சரக்கை மாலையிலும் கண்டார்கள். அன்றுதான் உண்டு, இல்லை என்னும் இரண்டோடு, 'தெரியவில்லை' என்னும் மூன்றாம் நிலையும் வேண்டும் என்று கற்றோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிவது மனிதர்க்கும் அரிய குணமே.

மூன்றாவது பிழை மௌனம். இரண்டு நாள் ஏவலன் ஒன்றும் பேசவில்லை. சரக்கு வரவில்லை போலும் என்றிருந்தோம். பார்த்தால், வாசகசாலையில் மின்சாரம் போய்க் கணினியே அணைந்து கிடந்தது. சரக்கு வந்து போயும் விட்டது. பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே ஆபத்து நிலைக்கு வந்து நிற்கும். பழுது நேர்ந்தால் அந்தப் பழுதே எச்சரிக்கையாக வேண்டும் என்பது இருப்புப்பாதையின் பழஞ்சட்டம். அந்தச் சட்டத்தை ஏவலனுக்கும் இட்டோம். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு, 'விழித்திருக்கிறேன்' என்று எனக்கு ஒரு செய்தி வர வேண்டும். வரவில்லையென்றால் போய்ப் பார்க்க வேண்டியது என் கடமை.

இவையெல்லாம் கணினியின் பிழைகள், திருத்தினோம், தீர்ந்தன. நான்காவது பிழை எங்களுடையது. அதைச் சொல்லத்தான் உண்மையில் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏவலன் செய்தி சொன்னான். மாத்திரை வந்திருக்கிறது, நாற்பது அட்டை. செய்தி வந்த பன்னிரண்டு நிமிடத்தில் இருசக்கர வண்டிகள் புறப்பட்டன. பதினொரு வீட்டார் நாற்பது அட்டையையும் வாங்கித் தீர்த்தார்கள். வாங்கியவர்களுள் நானும் ஒருவன். எனக்கும் என் மைத்துனருக்குமாக ஆறு அட்டை வாங்கினேன். மூன்று மாதத்துக்கு இனிக் கவலையில்லை என்று பெருமையோடு வீடு திரும்பினேன். ஏவலன் வென்றான் என்று இளைஞர்களிடம் சொல்லி மகிழ்ந்தேன்.

அன்று மாலை, நம் கடைசி வரிசையில் தனியே வாழும் ஆச்சி வாசகசாலைக்கு வந்தார். அவரிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. அதில் டெலிகிராம் இல்லை. பேருந்தில் போய்க் கடையில் 'இப்போதுதான் தீர்ந்தது' என்று கேட்டுத் திரும்பியிருக்கிறார். பத்து நாளாக ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொண்டு வந்தாராம். அவர் கோபப்படவில்லை. "ஏ தம்பி, போன் வச்சிருக்கவங்களுக்குத்தான் மருந்தா? முன்னாடியெல்லாம் போனா கிடைக்கும், இல்லன்னா இல்ல. இப்ப எப்பப் போனாலும் எனக்கு முன்னால ஆள் வந்து போயிடுதே" என்றார்.

பெருமக்களே, அந்தச் சொல்லுக்கு என்னிடம் விடையில்லை. என் ஆறு அட்டையில் நான்கை அவரிடம் கொடுத்து, மாத்திரையை உடைக்காமல் உண்ண வேண்டும் என்றும், மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் சொல்லி வீடு வரை கொண்டுவிட்டேன். ஆனால் கொடுத்ததனால் கணக்கு நேராகிவிடுமா? முதியோருக்காகத் தொடங்கிய ஏவலன், முதியவர் ஒருவருக்கு முன்னால் பன்னிரண்டு வண்டிகளை நிறுத்திவிட்டான். ஏவலன் ஒரு மாத்திரையைக்கூட உண்டாக்குவதில்லை. இருக்கும் மாத்திரை யார் கைக்குப் போவது என்பதை மட்டுமே அவன் மாற்றுகிறான். இந்த உண்மை எனக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு கூடிப் பேசினோம். நம் இளைஞர் ஒருவர், 'எல்லார்க்கும் ஒரே நேரத்தில் சொல்வதுதான் நீதி. அதற்கு மேல் அவரவர் சாமர்த்தியம்' என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பந்திக்கு முந்து என்றுதானே பழமொழியும் சொல்கிறது? ஆனால் நம் வீட்டுத் திருமணப் பந்தியில் முதலில் யாரை அமர்த்துகிறோம்? வயதானவர்களையும் பிள்ளைகளையும். வலுவுள்ளவன் முந்திக்கொண்டு உட்கார்ந்தால் அவனை எழுப்பிவிடும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. அந்தப் பந்தி முறையையே ஏவலனுக்கும் எழுதினோம்.

மருத்துவர் சீட்டோடு பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று வாசகசாலையில் இருக்கிறது. கையிருப்பு ஏழு நாளுக்குக் குறைந்தவர்க்கு முதலில் செய்தி. அரை மணி கழித்து மற்றவர்க்கு. கைப்பேசி இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத்து வீட்டார் துணை. செய்தி அவருக்குப் போகும், வாங்கி வந்து தருவது அவர் பொறுப்பு. ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கலாகாது. வாசகசாலை முகப்பில் பழையபடி ஒரு கரும்பலகை தொங்குகிறது. ஏவலன் சொன்னதை யாராவது அதில் எழுதுவார்கள். செய்தி தமிழிலும் மலையாளத்திலும் போகிறது. நம் பிள்ளைகளில் மலையாளப் பள்ளியில் படிப்போர் பலர். நம் பெரியவர்களுக்கோ தமிழெழுத்தே தெரியும். அதுவன்றி, செங்கல், காரோடு முதலிய ஊர்களிலிருந்து வந்து அதே கடையில் நிற்கும் மலையாள அன்பர்களும் நம் அயலார்தாமே? அவர்களும் கேட்டால் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம். கடை நம் காலனிக்கு மட்டும் உரியதன்று.

இவ்விடத்தில் என் அலுவலகத்தோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். தட்கல் பயணச்சீட்டும் சரக்கு போன்றதே. பயண நாளுக்கு முந்தைய நாள் குளிரூட்டிய வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் வந்து சேரும் சரக்கு. தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வோரில் ஏறத்தாழப் பாதி வரை மனிதரல்லர், ஏவலன்களே என்று 2025-இல் இரயில்வே அமைச்சகம் அறிவித்தது. ஐயத்துக்குரிய இரண்டரைக் கோடிக் கணக்குகளை முடக்கியதாகவும் சொல்லிற்று. 2025 ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது என்று விதி வந்தது. முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கும் தடை. உரிமம் இன்றிப் பயணச்சீட்டு வாங்கி விற்கும் தொழிலுக்கு 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. இணையச் சீட்டுகளுக்கும் அது பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளுள் ஒன்று நம் கோட்டயத்திலிருந்து சென்றதாகும். அமெரிக்காவிலும் நிகழ்ச்சிச் சீட்டுகளை நிரல் கொண்டு அள்ளுவோரைத் தடுக்க 2016-இல் சட்டம் செய்தார்கள்.

ஆகவே இளைஞர்களே, இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நன்கு அறிந்துகொள்ளுங்கள். சரக்கு வந்ததென்று சொல்பவன் தண்டோராக்காரன். எல்லாரும் வருவதற்குள் அள்ளிக்கொண்டு போய்க் கூடுதல் விலைக்கு விற்பவன் பதுக்கல்காரன். நிரல் இருவர்க்கும் ஒன்றே. பத்து வரி கூடுதலாக எழுதினால் தண்டோராக்காரன் பதுக்கல்காரனாகிவிடுவான். அந்தப் பத்து வரியை நம் காலனியில் எவரும் எழுதலாகாது. நான் வாங்கிய ஆறு அட்டையை நினைக்கும்போது, நிரல் எழுதாமலே ஒருவன் பதுக்கல்காரனாக முடியும் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

இறுதியாக ஒரு நற்செய்தி. பேரேடு எழுதும் பழக்கத்தால், ஏவலன் பார்த்த ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். எந்த நாள் சரக்கு வந்தது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று மூன்று மாதக் கணக்கு சேர்ந்தது. அதைத் தாளில் அச்சிட்டுக் கடை மேலாளரிடம் கொடுத்தோம். மாத்திரை பெரும்பாலும் வந்த நாளிலேயே தீர்ந்து, அடுத்த இரண்டு வாரம் இல்லாதிருந்ததை அவர் தம் கண்ணால் கண்டார். இவ்வளவு தேவை இருப்பது தெரியாமல் பழைய அளவிலேயே கேட்டு வந்ததாகச் சொல்லி, வேண்டுகோள் அளவைக் கூட்டி எழுதினார். கடந்த சில மாதங்களாக அந்த மாத்திரை பெரும்பாலும் இருப்பில் இருக்கிறது. சரக்கு வந்ததென்று கூவும் வேலை நம் ஏவலனுக்குக் குறைந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு 'விழித்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் பல நாள் சும்மா இருக்கிறான்.

ஏவலனால் மாத்திரையை உண்டாக்க முடியாது என்றேன். ஆனால் அவன் எழுதிய கணக்கை ஊர் கூடிக் கொண்டுபோய்க் கேட்டபோது, கூடுதலாக மாத்திரை வந்தது. முந்துவதற்காகச் செலவிட்ட அறிவை, எல்லார்க்கும் கிடைக்கச் செய்வதற்காகச் செலவிட்டால் பயன் பெரிது என்பதே இந்த ஓராண்டில் நான் கற்ற பாடம். ஆச்சி இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்று காலை முழு மாத்திரை உண்டதாக என்னிடம் சொன்னார். அதைவிடச் சிறந்த ஆண்டறிக்கை நம் சங்கத்துக்கு வேறில்லை.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!